ருசி பார்க்காமல் செய்த சாக்லேட் சாஸ்

என் சமையலைப் பற்றி ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவில் நாலு பேர் நல்லபடியாகச் சொல்வார்கள். அதில் பாதிப் பெருமை என் கணவரின் நாக்குக்குச் சேர வேண்டியது. எங்கள் வீட்டில் தளிகையைப் பெருமாளுக்குக் காட்டிய பிறகுதான் மனுஷர் வாயில் வைக்கலாம். அடுப்படியில் நின்றுகொண்டு கரண்டியை நக்கிப் பார்க்கிற வேலை கிடையாது. முப்பத்தோரு வருஷமாக வாசனையையும் கொதிக்கிற சத்தத்தையும் நம்பியே சமைத்திருக்கிறேன். உப்பு சரியா, புளி தூக்கலா என்பதெல்லாம் அவர் முதல் கவளம் சாப்பிட்ட பிறகுதான் எனக்கே தெரியும். சரியாக இருந்தால் தலையை ஆட்டுவார். குறைந்தால் தட்டின் ஓரத்தைச் சுண்டுவிரலால் ஒரு தட்டு தட்டுவார். வாயைத் திறந்து சொன்னால் முத்து உதிர்ந்துவிடுமா என்று எரிந்து விழுவேன். அதற்கும் ஒரு தட்டு தட்டுவார்.

பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர். ரிட்டயரான மறு வருஷம் நாக்குக்கு அடியில் கட்டி வந்தது. தில்லை நகரில் ஓர் ஆஸ்பத்திரியில் ரேடியேஷன் கரன்ட் வைத்தார்கள். கட்டி கரைந்தது. கூடவே ருசியும் போய்விட்டது. எதைக் கொடுத்தாலும் ஈர மண்ணைத் தின்கிற மாதிரி இருக்கிறது என்றார். சாத்தமுது என்று நாங்கள் சொல்கிற ரசமும் மண், தயிர்சாதமும் மண். அரைக் கிண்ணத்தோடு எழுந்துவிடுவார். வேட்டி இடுப்பில் நிற்கவில்லை.

டாக்டர் பூசி மெழுகிப் பேசுகிறவர் இல்லை. ருசி சிலருக்கு மெதுவாகத் திரும்பும், சிலருக்குத் திரும்பாது, சாப்பாடு இப்படியே குறைந்துகொண்டு போனால் வயிற்றில் குழாய் வைத்துத்தான் ஆகாரம் கொடுக்க வேண்டும் என்றார். குழாய் என்றதும் இவர் நாற்காலியை விட்டு எழுந்து வாசலுக்குப் போய் நின்றுகொண்டார். திரும்பி வரும்போது ஆட்டோவில் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். வாயால் சாப்பிடுகிற வரைக்கும்தான் ஒருத்தன் மனுஷன் என்றார். திருவானைக்காவல் தாண்டும் வரை நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

தித்திப்புதான் முதலில் திரும்பும் என்று யாரோ சொன்னார்கள். அதை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். கல்யாணமான புதிதில் மெயின்கார்டு கேட் பக்கம் ஒரு ஐஸ்கிரீம் கடைக்கு என்னை அழைத்துப் போவார். வெனிலா ஐஸ்கிரீம் மேல் சூடாக சாக்லேட் சாஸை ஊற்றிக் கொடுப்பார்கள். இவர் ஐஸ்கிரீமை என் பக்கம் தள்ளிவிட்டு சாஸை மட்டும் வழித்துச் சாப்பிட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் ஊத்துப்பா என்று அசடு வழியக் கேட்பார். எனக்கு மானம் போகும். எந்த ருசி திரும்பாவிட்டாலும் அந்த ருசி திரும்பாமல் போகுமா என்று நினைத்தேன்.

கடை பாட்டில் சாஸ், கரன்ட் வைத்ததில் வந்த வாய்ப் புண்ணில் எரிந்தது. ஐஸ்கிரீமின் குளிர்ச்சியும் ஆகவில்லை. அதனால் யூடியூபைப் பார்த்து சாஸை நானே செய்யக் கற்றுக்கொண்டேன். கோகோவையும் சர்க்கரையையும் முதலில் உலர்ந்தபடியே கலந்துகொண்டு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டால் கட்டி தட்டாது. சிம்மில் வைத்துக் கை ஓயாமல் கிண்ட வேண்டும். கரண்டியின் முதுகில் விரலால் கோடு கிழித்தால் அந்தக் கோடு மூடாமல் நிற்கும். அப்போது இறக்கி, வெண்ணெயும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்தால் கண்ணாடி மாதிரி பளபளக்கும். கோகோவை யாரும் பெருமாளுக்குக் காட்டப் போவதில்லை. அதை ருசி பார்த்தால் ஒரு பாவமும் கிடையாது. ஆனாலும் கை வாய்க்குப் போகாது. பழகின கை.

தினமும் சாயங்காலம் நாலு மணிக்குப் பாலில் ஊறிய பிரட் மேல் சாஸை ஊற்றிக் கொடுப்பேன். எதிரிலேயே உட்கார்ந்து, ஏதாவது தெரியறதா, ஏதாவது தெரியறதா என்று பிடுங்கி எடுப்பேன். அவர் உதட்டைப் பிதுக்குவார். ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. கொஞ்சமாவது முயற்சி பண்ணக்கூடாதா என்று கத்திவிட்டேன். ருசியை அவர்தான் பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிற மாதிரி. கிண்ணத்தைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு நான் பேசினதை நினைத்தால் இப்போதும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

இரண்டு நாள் கழித்து, சாஸுக்குக் கோகோவைக் கொட்டிய நேரத்தில் சிலிண்டர்காரர் பெல் அடித்தார். அவரை அனுப்பிவிட்டு வந்து அடுப்பைப் பற்றவைத்தேன். அன்று சாஸில் பளபளப்பே வரவில்லை. புதுப் பாக்கெட், மட்டமான கோகோ என்று கடைக்காரரைத் திட்டிக்கொண்டே ஊற்றிக் கொடுத்தேன். இவர் இரண்டு ஸ்பூன் சாப்பிட்டார். நிறுத்தினார். தலையை ஆட்டினார்.

"தித்திக்கறதுடி," என்றார். "சக்கரை அளவா இருக்கு."

நான் தரையில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதேன். சென்னையில் இருக்கும் பெண்ணுக்குப் போன் போட்டேன். அவளும் அழுதாள். பெருமாளுக்கு நெய் விளக்கேற்றினேன். அவர் கிண்ணத்தைச் சுத்தமாகக் காலி செய்தார்.

அப்புறம் பாத்திரம் தேய்க்கப் போனேன். வாணலியின் ஓரத்தில் ஒட்டியிருந்ததை வீணாக்குவானேன் என்று விரலால் வழித்து வாயில் வைத்தேன். எட்டிக்காய்க் கசப்பு. துப்பிவிட்டு நிமிர்ந்தால், ஃபிரிட்ஜ் மேல் அளந்து வைத்த சர்க்கரை டம்ளர், எறும்பு மொய்க்க, நிரம்பியபடி இருந்தது. பெல் அடித்தபோது அங்கே வைத்தவள் நான்தான்.

அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. என்னை நினைத்துத்தான் வெட்கமாக இருந்தது. நச்சரித்து நச்சரித்து அந்த மனுஷனைப் பொய் சொல்ல வைத்திருக்கிறேன். முப்பத்தோரு வருஷம் ஒரு கல் உப்புக்குக்கூடப் பொய் சொல்லாத நாக்கு அது. அவரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. பெண்ணிடமும் சொல்லவில்லை. தினமும் சாஸ் செய்தேன், அவரும் தினமும் தித்திக்கிறது என்றார், நானும் சிரித்தேன். எடை மட்டும் இறங்கிக்கொண்டே போனது.

அன்றிலிருந்து எனக்கு என் கையின் மேல் நம்பிக்கை போய்விட்டது. சாஸை இறக்குவதற்கு முன் ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்க்க ஆரம்பித்தேன். போன செவ்வாய்க்கிழமை அப்படி நக்கிவிட்டு நிமிர்ந்தபோது, அவர் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். நான் அடுப்படியில் எதையும் வாயில் வைத்து அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. என் கையைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். எனக்கு மறைக்கத் தோன்றவில்லை.

"சிலிண்டர் வந்த அன்னிக்கு சக்கரை போட மறந்துட்டேன்," என்றேன்.

நிலைப்படியிலிருந்து ஓர் அடி உள்ளே வந்தார்.

"ரொம்பக் கசந்துதா?" என்று கேட்டார். தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுத்தான் கேட்டார்.

"கசந்துது," என்றேன்.

அன்றும் நாலு மணிக்குக் கிண்ணத்தைக் கொடுத்தேன். கடைசி ஸ்பூன் வரை சாப்பிட்டார். தலையும் ஆடவில்லை, சுண்டுவிரலும் தட்டவில்லை. நானும் எதுவும் கேட்கவில்லை. கிண்ணத்தை என்னிடம் நீட்டினார்.

"டாக்டர்ட்ட சொல்லிடு," என்றார். "குழாயை வச்சுடட்டும்."