எம்.எல்.ஏ. வீட்டு இணைச்சீர்

பங்குனி மாதம் பன்னிரண்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. எருமப்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்து வீட்டில் சித்தப்பாவுக்குக் கல்யாணம். கல்யாண வீடு என்பதற்காகக் கோழிகள் தீனி கேட்காமல் இருக்காது. அன்றும் அப்பா இருட்டோடு பண்ணைக்குப் போய்த் தீவனம் வைத்து, முந்தின நாள் முட்டைகளை வேனில் ஏற்றி அனுப்பிவிட்டு வந்துதான் குளித்தார். அம்மா பால் கறந்தாள். வாசல் தெளிப்பது அத்தைக்கும் எனக்கும் உரிய வேலை. அத்தையை முன்வாசல் பக்கம் வர வேண்டாம் என்று சொல்லியிருந்ததால் அன்று நான் மட்டும் தெளித்தேன். எனக்கு அப்போது பத்து வயது.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. பெரியப்பா இறந்து ஓராண்டு ஆகப்போகிறது. நினைவு மலர் போடுகிறார்கள். "உன்னோட சின்ன வயசு நெனப்பு ஒண்ணு எழுதிக் குடு சாமி, ஒரு பக்கம் போதும்" என்று அவருடைய மகன் போனில் கேட்டார். மலரின் அட்டையில் 'மரபுக் காவலர்' என்று போடப்போகிறார்களாம். அந்த இரண்டு சொற்களைக் கேட்ட பிறகு என்னால் வேறு எதையும் எழுத முடியவில்லை. நான் எழுதுவது ஒரு பக்கத்தில் அடங்காது. அடங்கினாலும் அச்சேறாது.

பெரியப்பா முதலில் ஊராட்சித் தலைவராக இருந்தார். பிறகு மூன்று முறை சட்டமன்ற உறுப்பினர். எங்கள் பக்கத்து ரோடுகளைப் பற்றிச் சட்டமன்றத்தில் அவர் எழுந்து பேசியதாக எனக்குத் தெரியவில்லை. பண்பாட்டைப் பற்றி நிறையப் பேசினார். பெண்பிள்ளைகள் வெளியூர் விடுதியில் தங்கிப் படிப்பதால் குடும்பம் கெடுகிறது என்றார். கோயில் வழக்கத்தில் அரசு கை வைக்கக் கூடாது என்றார். உடன்பிறந்தவளுக்குச் சீர் செய்ய மறந்த சமுதாயம் உருப்படாது என்று அவர் சொன்னபோது எதிர்க்கட்சிக்காரர்களும் மேசையைத் தட்டினார்களாம். செய்தித்தாளில் வந்திருந்த அந்தப் பேச்சை அப்பா எங்களுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினார். அத்தை அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

அத்தை பெரியப்பாவுக்குத் தங்கை, சித்தப்பாவுக்கு அக்கா. ஒரே பெண். மாமா லாரி வைத்து ஓட்டியவர். குண்டும் குழியுமான ரோட்டில் வண்டி கவிழ்ந்து இறந்துபோனார். அத்தை வெள்ளைச் சேலையோடு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். மூன்றாம் மாதம் தேர்தல் வந்தது. முதல் முறையாக நின்ற பெரியப்பா, அத்தையைத் திறந்த ஜீப்பில் தனக்குப் பக்கத்தில் நிறுத்தி ஊர் ஊராகக் கூட்டிப் போனார். "தாய்மாருங்களே, இந்தக் கேடுகெட்ட ரோடு எந்தங்கச்சி தாலியப் பறிச்சிருச்சுங்க. இவ மொகத்தப் பாத்து ஓட்டுப் போடுங்க" என்பார். அத்தை கைகூப்பி நிற்பாள். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அவர் நல்ல வித்தியாசத்தில் ஜெயித்தார்.

ஐந்து வருடம் கழித்து, அடுத்த தேர்தலுக்கு அவர் வேட்புமனு கொடுப்பதற்கு முதல்நாள்தான் இந்தக் கல்யாணம்.

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் தாலி கட்டுவதற்கு முன் இணைச்சீர் உண்டு. மாப்பிள்ளைக்கு இணையாக அவனுடன் பிறந்தவளை நிறுத்துவார்கள். சேலையின் ஒரு தலைப்பை அவன் கையிலும் மறுதலைப்பை அவள் கையிலும் கொடுப்பார்கள். பிறந்த வீட்டில் அவளுக்குள்ள பாத்தியதையை ஊரறியச் சொல்லும் சீர் அது. கணவனை இழந்தவள் அதற்கு நிற்கக் கூடாது என்பதும் வழக்கம். பெரியப்பன் மகளோ சித்தப்பன் மகளோ, பங்காளி வீட்டுப் பெண் யாராவது நிற்பார்கள்.

சித்தப்பா பட்டு வேட்டியோடு அத்தை இருந்த அடுப்படிக்கே வந்துவிட்டார். பின்னாலேயே பெரியப்பா வந்தார்.

"அக்கா நிக்காத சீரு எனக்கு வேண்டாமுங்கண்ணா."

"கூறு கெட்டவனாட்டப் பேசாத. மந்திரி வந்து ஒக்காந்திருக்காரு. தாலி அறுத்தவளப் பந்தல்ல நிறுத்திப்போட்டு, நாளைக்கு நாமினேசன் போற நான் ஊர் வாயில உழோணுமா?"

"அன்னிக்கு ஜீப்புல நிறுத்துனப்ப ஊரு வாய மூடிட்டு இருந்துதுங்களா?"

"அது அரசியலு. இது சம்பிரதாயம்டா."

அப்பா தேங்காய்க் கூடையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணனை எதிர்த்து அப்பா ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. கடைசியில் அத்தைதான் பேசினாள். "உடு சாமி, பொண்ணூட்டுக்காரங்க பாக்கறாங்க. போய் நில்லு." சித்தப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

வழக்கம் என்றால் வழக்கமாகவாவது நடந்திருக்க வேண்டும். பங்காளி வீட்டுப் பெண்கள் நான்கைந்து பேர் பட்டுடுத்தித் தயாராகப் பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். பெரியப்பா அவர்களில் ஒருத்தியையும் கூப்பிடவில்லை. எங்களுக்கு உறவும் இல்லாத, எங்கள் குலக் கூட்டத்தையும் சேராத ஒன்றியச் செயலாளரின் மனைவியை, "எனக்கு உடன்பிறவாத் தங்கச்சிங்க" என்று மந்திரி காதுபடச் சொல்லி எழுப்பி நிறுத்தினார். செயலாளர் கட்சி மாறப்போவதாக அப்போது பேச்சு இருந்ததாம். சீர் செய்துவைக்க வந்திருந்த அருமைக்காரர் ஒருகணம் விழித்தார். பிறகு காட்டிய கையில் சேலைத் தலைப்பைக் கொடுத்தார். மரபுக் காவலர் மரபைக் காத்த விதம் இது.

அத்தையையும் என்னையும் பலகாரம் வைத்திருந்த அறையில் விட்டிருந்தார்கள். கை நீட்டினால் முறுக்கு. கல்யாணத்துக்கு வந்த பிள்ளைகளிலேயே எனக்குத்தான் யோகம் என்று நினைத்துக்கொண்டேன். ஜன்னல் உயரமாக இருந்ததால் நான் பலகையின்மேல் ஏறி நின்று பார்த்தேன். அத்தை கீழேயே உட்கார்ந்திருந்தாள்.

"இப்ப என்ன பண்றாங்க சாமி?"

"சித்தப்பா கையில சேலத் தலப்பக் குடுக்கறாங்க அத்த."

"அந்தப் பக்கம் ஆரு?"

"செயலாளர் ஊட்டம்மா. அவங்க மந்திரியவே பாத்துக்கிட்டு இருக்காங்க."

அத்தை தன் முந்தானைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டாள். பிறகு, "தலப்பக் கெட்டியாப் புடிச்சிருக்குதா அந்தம்மா?" என்றாள்.

"ரெண்டு வெரல்ல புடிச்சிருக்குது அத்த."

பந்தலில் யாரோ ஒரு பெண், "எங்கீங்க, தங்கச்சியம்மாவக் காணோம்? ஜீப்புல வந்தாங்களே" என்று கேட்டது ஜன்னல் வரை கேட்டது. "அவளுக்கு மேலுக்குச் சொகமில்லீங்க" என்றார் பெரியப்பா. நான் திரும்பி, "ஏனுங்க அத்த, மேலுக்குச் சொகமில்லையா?" என்று அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். அத்தை சிரித்தாள். இத்தனை வருடத்தில் நான் அதற்குப் பிறகு அப்படி ஒரு சிரிப்பைக் கேட்டதில்லை.

மறுநாள் திங்கட்கிழமை. ஏழரை மணிக்கு ராகுகாலம் தொடங்கிவிடும் என்பதால் அதற்கு முன் பெரியப்பா வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். ஜீப்புக்கு மாலை போட்டு, சக்கரங்களுக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். கட்சிக்காரர்கள் வாசல் நிறைய நின்றார்கள். டிரைவர் வண்டியை எடுத்தான், பழங்கள் நசுங்கின. அந்த நேரம் பார்த்து முன்கேட்டுக்கு வெளியிலிருந்து அத்தை உள்ளே நடந்து வந்தாள். குளித்து, நெற்றியில் திருநீறு பூசி, துவைத்த வெள்ளைச் சேலையில், நேரே ஜீப்புக்கு எதிரில்.

டிரைவர் பிரேக் போட்டான். பெரியப்பா இறங்கி வீட்டுக்குள் போய், உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி வந்து ஏறினார். வண்டி நகர்ந்தது. அதற்குள் வீட்டைச் சுற்றிக்கொண்டு வெளியே போயிருந்த அத்தை மறுபடி கேட்டுக்குள் நடந்து வந்தாள். இந்த முறை ஒதுங்கவில்லை, நின்றுவிட்டாள்.

"உள்ள போ புள்ள."

"ஏனுங்கண்ணா, போன தடவ இதே ஜீப்புல நாந்தானுங்க முன்னால நின்னேன். ஜெயிச்சீங்கல்ல?"

பெரியப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு டிரைவரின் தோளில் தட்டிப் பின்பக்கம் கையைக் காட்டினார்.

ஜீப் பின்னால் போய்த் திரும்பி, வீட்டுக்குப் பின்புறம் கோழி எரு அள்ளும் வண்டிகள் போகும் தடத்தில் இறங்கியது. சக்கரம் எருவில் புதைந்து உறும, கட்சிக்காரர்கள் வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னாலிருந்து தள்ளினார்கள். முன்கேட் அகலத் திறந்திருக்கிறதே, பெரியப்பா எதற்காக எருவுக்குள் போகிறார் என்று நான் அப்பாவிடம் கேட்டேன்.