பீர்மேட்டில் ஐந்து கிலோமீட்டர் ஓட்டமும் மூன்று கரண்டி பஞ்சாமிர்தமும்

தை மாதம் எங்கள் முதலமடைப் பக்கம் மாந்தோப்பில் கை ஓயாத வேலை இருக்கும். அந்த நேரத்தில் தோப்பை வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு நானும் மகள் தாரணியும் பீர்மேட்டுக்குக் கிளம்பியதும், தேயிலைத் தோட்டம் பார்க்கப் போகிறோம் என்றே சொந்தக்காரர்கள் நினைத்தார்கள். உண்மையில் தாரணி அங்கே ஐந்து கிலோமீட்டர் ஓட வேண்டியிருந்தது. ஓடுவதற்கு முன் ஒரு பாட்டில் பீட்ரூட் சாறு குடிக்க வேண்டும். இதற்காக ஒரு பகல் முழுக்க பஸ்ஸிலா என்று கேட்காதீர்கள். அதற்குக் காரணம் உண்டு.

தாரணி கல்லூரி இரண்டாம் வருஷம். பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுத்த அன்று அவளுக்குக் காய்ச்சல். பயிற்சியாளர் ஒரு வழி சொன்னார். மாத முடிவுக்குள் இருபத்திரண்டரை நிமிஷத்துக்குள் ஓடியதற்கான தாளைக் கொண்டுவந்தால் பெயரைச் சேர்ப்பார். சொந்தக் கடிகாரத்தில் பார்த்த கணக்கெல்லாம் செல்லாது, பொறுப்பான ஆள் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். பீர்மேட்டுக்குப் பக்கத்துக் கல்லூரியில் ஜெசிந்தா என்ற பெண், விளையாட்டுக்காரர்கள் சாப்பிடும் சத்துப் பொருள்களில் எது உண்மையில் வேலை செய்கிறது என்று ஆராய்ச்சி செய்கிறாள். பன்னிரண்டு பேர், ஆளுக்கு இரண்டு ஓட்டம்; தாரணியும் அதில் ஒருத்தி. ஜெசிந்தா நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரும் தாள் போதும் என்று பயிற்சியாளர் ஒத்துக்கொண்டார்.

நான் பத்தாவதோடு நின்றவள். ஆனால் மகள் ஓட ஆரம்பித்த நாளிலிருந்து இந்தப் பொடி, அந்தப் பானம் என்று ஆளாளுக்குச் சொன்னதில் பயந்துபோய், போனில் தேடித் தேடிப் படித்தேன். படித்ததை எல்லாம் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். பீட்ரூட்டில் நைட்ரேட் என்று ஒன்று இருக்கிறது. அது ரத்த ஓட்டத்துக்கு உதவுகிறது, அதனால் சிலருக்கு ஓட்டம் கொஞ்சம் லேசாகிறது என்கிறார்கள். அதைச் சோதிக்கத்தான் ஜெசிந்தா இரண்டு வகை பாட்டில் வைத்திருந்தாள். ஒன்றில் நைட்ரேட் உண்டு, இன்னொன்றில் அதை எடுத்துவிட்டார்கள். நிறமும் ருசியும் ஒன்றுதான். எது எது என்று குடிப்பவருக்கும் தெரியாது, கொடுக்கிற ஜெசிந்தாவுக்கும் தெரியாது. அவளுடைய பேராசிரியர் உறை போட்டு ஒட்டி வைத்திருந்தார்.

முதல் ஓட்டத்துக்கு மச்சினர் காரில் நேராகப் போய் வந்தோம். அன்று 22 நிமிஷம் 41 விநாடி. பதினோரு விநாடி அதிகம். இரண்டாவது ஓட்டம் தவறினால் அந்த வருஷம் போச்சு. நான் எழுதப் போவது இந்த இரண்டாவது பயணத்தை.

வெள்ளிக்கிழமை காலை 4.40க்கு வீட்டை விட்டுக் கிளம்பினோம். வீட்டுக்காரர் பொள்ளாச்சி வரை கொண்டுவந்து விட்டார், 26 கிலோமீட்டர். 5.45 பஸ்ஸில் பழனி, ஒரு ஆளுக்கு 55 ரூபாய், இறங்கும்போது 7.40. மறுநாள் ஓட வேண்டிய கால் படியேறக் கூடாது என்பதால் தாரணியை அடிவாரத்தில் உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் விஞ்ச் ரயிலில் மேலே போய் முருகனைக் கும்பிட்டேன். பஞ்சாமிர்தம் ஒரு டப்பா வாங்கிக்கொண்டு இறங்கினேன். கூட்டம் இல்லாத நாள். அப்படியும் மூன்று மணி நேரம் ஆகிவிட்டது. பழனியில் நிற்க நினைப்பவர்கள் அதற்கேற்ப நேரம் ஒதுக்குங்கள்.

பழனியிலிருந்து திண்டுக்கல், 58 கிலோமீட்டர், 50 ரூபாய். அங்கே 1.15க்குக் குமுளி பஸ், 115 ரூபாய். ஜன்னலோரம் இடம் கிடைத்தது புண்ணியம். ஆராய்ச்சியில் ஒரு கண்டிப்பு உண்டு. முதல் ஓட்டத்துக்கு முந்தின நாள் எதைச் சாப்பிட்டாளோ அதையேதான் இந்தத் தடவையும் சாப்பிட வேண்டும். அதனால் தயிர் சாதம், இட்லி, வாழைப்பழம் எல்லாம் போன தடவை அளவுப்படியே கட்டி எடுத்து வந்திருந்தேன். தேனியில் ஏறிய ஒரு அம்மா பாசமாகக் கடலை மிட்டாய் நீட்டினார். வேண்டாம் என்றேன். திரும்பவும் நீட்டினார். ஆராய்ச்சி என்றேன். அதற்கப்புறம் அவர் என்னோடு பேசவே இல்லை.

கம்பம் தாண்டி மலை ஏறும்போது குளிர்க் காற்று முகத்தில் அடித்தது. 5.30க்குக் குமுளி. கேரள அரசு பஸ்ஸில் பீர்மேடு 48 ரூபாய், 7 மணிக்குச் சேர்ந்தோம். கல்லூரி விடுதிக்கு 5 கிலோமீட்டர், ஜீப்புக்கு 200 ரூபாய். ஜீப்பை ஓட்டிய செல்வராஜ் அண்ணாச்சி எஸ்டேட்டிலேயே பிறந்து வளர்ந்தவர். எதற்கு வந்தோம் என்று கேட்டுவிட்டு, கண்ணாடி வழியாகத் தாரணியைப் பார்த்தார்.

"ஓடுறதுக்கா இம்புட்டுத் தூரம் பஸ்ல உக்காந்து வந்தீக?"

தாரணிக்குச் சிரிப்பு அடங்க அரை மணி நேரம் ஆயிற்று.

சனிக்கிழமை காலை 5 மணிக்கு ஜெசிந்தா பாட்டிலோடு அறைக்கு வந்தாள். 5.15க்கு மூன்று இட்லி. ஓட்டம் 7.30க்கு. 7 மணிக்குத் தாரணி ஷூ கட்டிக்கொண்டிருந்தபோது நான் முருகன் படத்தை வைத்துக் கும்பிட்டு, அவள் நெற்றியில் திருநீறு பூசி, உள்ளங்கையில் பஞ்சாமிர்தம் கொடுத்தேன். ஒரு கரண்டி. போகிற காரியம் பெரிது என்று இன்னொன்று. மூன்றாக இருக்கட்டும் என்று இன்னொன்று.

மைதானத்தில் பனி இறங்கியிருந்தது. பன்னிரண்டரைச் சுற்று. ஏழாவது சுற்றிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, இன்றைக்கு வேறு ஓட்டம் என்று. கடைசிச் சுற்றில் செல்வராஜ் அண்ணாச்சி ஜீப்பை விட்டிறங்கி வேலியோரம் நின்று கைதட்டினார். 22 நிமிஷம் 9 விநாடி. நான் பனியில் நனைந்த புல்லிலேயே விழுந்து கும்பிட்டேன்.

அப்புறம்தான் அந்தத் தாள், ஓட்ட நேரத்தோடு சாப்பாட்டுக் கணக்கும் எழுத வேண்டியது. கடந்த இருபத்து நான்கு மணி நேரத்தில் வாய்க்குள் போனது அனைத்தும், நேரம், அளவு. எழுதுகிற வேலை எனக்கு. தயிர் சாதம் எழுதினேன், இட்லி எழுதினேன், தண்ணீர் எத்தனை டம்ளர் என்று எழுதினேன். 7 மணி என்ற இடத்தில் பேனா நின்றது.

வாழைப்பழம், வெல்லம், பேரீச்சம்பழம், கற்கண்டு, தேன், நெய். ஓட்டத்துக்கு அரை மணி முன்னால் சக்கரை கொடுப்பதைப் பற்றி என் நோட்டில் இரண்டு பக்கம் இருக்கிறது. கடலை மிட்டாயைத் தொட விடாதவள் நான். ஆனால் கையில் டப்பாவை எடுத்தபோது அது சாப்பிடும் பொருள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நாற்பத்தாறு வருஷமாக அது எனக்குச் சாப்பாடு இல்லை.

தாரணிக்கு என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"அம்மா, அது பிரசாதமுங்க. பிரசாதம் சாப்பாட்டுல சேராதுன்னு நீங்கதானே சொல்லுவீங்க?"

"சொல்லுவேன், கண்ணு."

"அப்பறம் என்னங்க? ஒருத்தருக்கும் தெரியாதுங்க."

முருகனுக்குத் தெரியும் என்று சொல்லியிருக்கலாம். அதைவிட எனக்கு உறுத்தியது வேறு. இந்தப் பெண் ஜெசிந்தா மூன்று வருஷமாக இதில் கிடக்கிறாள். இங்கே தப்பாக எழுதினால், இதைப் படித்துவிட்டு என்னைப்போல் ஒரு அம்மா எங்கோ ஒரு நோட்டில் தப்பாக எழுதிக்கொள்வாள். எழுதினாலோ மகளின் ஓட்டம் போகும். அவள் கண் நிறைந்துகொண்டு வருவது தெரிந்தது. நான் அவளைப் பார்க்காமல் எழுதினேன். பஞ்சாமிர்தம், 7 மணி, மூன்று கரண்டி. சாப்பாட்டுப் பட்டியலில் எழுதியதற்கு முருகனிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

ஜெசிந்தா தாளைப் படித்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன்.

"போன மாசம் எங்க எஸ்டேட் பையன் ஒருத்தன், ஞாயித்துக்கிழமை ஓட்டம், சர்ச்சுல பூசைக்குப் போயிட்டு வந்து நற்கருணை அப்பம் ஒண்ணுன்னு எழுதுனான். அவன் அம்மா என்கூடச் சண்டைக்கே வந்துட்டாக. ஆண்டவரைச் சாப்பாட்டுல எழுதுவியான்னு."

"நீ என்ன சொன்ன, கண்ணு?"

"அவங்க சொல்றது சரிதான்னு சொன்னேன். எழுதுனதும் சரிதான்னேன். அப்பம் ஒரு துணுக்கு, அதால ஒண்ணும் ஆகாது. உங்களுது அப்படி இல்லக்கா. மூணு கரண்டி." சிரிக்கவும் செய்தாள், தாளின் குறுக்கே ஒரு கோடும் போட்டாள்.

அன்றைய ஓட்டம் செல்லாது. எட்டாம் நாள் மறுபடி அதே வகை பாட்டில், அதே சாப்பாடு, அதே மைதானம். பயிற்சியாளரைப் போனில் கூப்பிட்டோம். கோடு போட்ட தாளைக் கொண்டுவர வேண்டாம் என்று முடித்துவிட்டார். மாதம் முடிய அன்றைக்குப் பத்து நாள்தான் இருந்தது. திரும்பி வரும் வழியில் வத்தலக்குண்டு வரை தாரணி ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். அதற்கப்புறம், பசிக்கிறது என்றாள். எதை வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்றேன். இரண்டு பரோட்டா சாப்பிட்டாள்.

அடுத்த பயணத்தில் பழனியில் இறங்கவில்லை. பஸ்ஸிலிருந்தே கும்பிட்டுக்கொண்டேன். மைதானத்தில் திருநீறு மட்டும். ஏழாவது சுற்றில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை, பதினோராவதிலும் தெரியவில்லை. கடைசி நூறு மீட்டர் கண்ணை மூடிக்கொண்டேன். 22 நிமிஷம் 24 விநாடி. கையெழுத்து வாங்கிய தாளைத் தாரணி என்னிடம்கூடத் தரவில்லை, தன் பையிலேயே வைத்துக்கொண்டாள். இப்போது அவள் பெயர் பட்டியலில் இருக்கிறது.

பன்னிரண்டு பேரும் ஓடி முடித்ததும் உறையைப் பிரித்தார்கள். முதல் ஓட்டத்தில் அவள் குடித்ததுதான் நிஜச் சாறு. மற்ற இரண்டும் நைட்ரேட்டை நீக்கியது. அப்படியானால் பீட்ரூட் வீணா என்று கேட்டேன். ஒருத்தியின் ஓட்டத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது, முதல் தடவை மைதானமே அவளுக்குப் புதிது, பன்னிரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் என்றாள் ஜெசிந்தா. அந்த 22 நிமிஷம் 9 விநாடி ஓட்டம் சக்கரையால் வந்தது என்பது அவள் சந்தேகம், தாரணியோ முந்தின ராத்திரி நன்றாகத் தூங்கியதால் என்கிறாள். நான் யாரோடும் வாதாடவில்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயம். பீர்மேட்டில் விடியற்காலை ஸ்வெட்டர் இல்லாமல் நிற்க முடியாது. குமுளியில் ஆறு மணிக்கு மேல் பஸ் குறைவு. ஓடுகிற பிள்ளைகளோடு போனால் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போங்கள், ஓட்டத்தன்று புதிதாக எதையும் கொடுக்காதீர்கள். பீட்ரூட் சாறு குடிக்கும் நாளில் வாய் கொப்பளிக்கும் மருந்து வேண்டாம், வாயிலுள்ள நல்ல கிருமிகள் செத்தால் சாறு வேலை செய்யாதாம். டப்பாவில் வரும் பொடிகளை டாக்டரிடம் காட்டாமல் வாங்காதீர்கள். தடை செய்த மருந்து கலந்திருந்தால் பிள்ளையின் பெயர்தான் கெடும்.

போன வாரம் ஜெசிந்தா தன் புதுத் தாளைப் போனில் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். காலை, மதியம், இரவு, இடைத்தீனி என்ற கட்டங்களுக்குக் கீழே ஒரு புதுக் கட்டம்: கோயில், சர்ச், பள்ளிவாசலில் வாங்கியது. சாப்பாட்டுக் கட்டங்களோடு சேராமல், நடுவில் ஒரு கோடு விட்டுத் தனியாக அச்சடித்திருந்தாள்.