லிஃப்ட் படிக்கப் போனேன்

அன்று பட்டறையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். வெளியிலிருந்து வந்த தேர்வாளர், மலாய்க்காரர், மூக்குக் கண்ணாடி போட்டவர். எங்கள் விரிவுரையாளர் அம்மா, சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு. கண்ணாடித் தடுப்புக்கு வெளியே என்னோடு படிக்கும், பீடோர் ஊர்ப் பையன். அவன் பக்கத்தில் லூமுட் ஊர்ப் பெண், அவளும் எங்கள் வகுப்புதான். தடுப்புக்கு உள்ளே நான். என் முன்னால், மாணவர்கள் பழகுவதற்காகப் பட்டறைக்குள் கட்டியிருந்த இரண்டு மாடி லிஃப்ட்.

செய்முறைத் தேர்வு. தேறினால் ஈப்போவில் ஒரு லிஃப்ட் கம்பெனி என்னை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. தேறாவிட்டால் பழைய ஜாகா வேலை, அதாவது காவல். அடுக்குமாடி வாசலில் நாற்காலி போட்டு, வருகிறவர் போகிறவரைப் பார்த்துக்கொண்டிருப்பது. இன்னொரு வருடம் படிக்க வீட்டில் வசதி இல்லை. எனக்கு அப்போது வயது நாற்பத்து மூன்று.

நான் பிறந்தது ரப்பர் தோட்டத்தில். மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில், பள்ளி நின்றது. தோட்டத்தை விற்றார்கள். அங்கே இப்போது வீடமைப்புப் பகுதி. நாங்கள் ஈப்போவுக்கு வந்தோம். டயர் கடையில் இருந்தேன். லாரியில் உதவியாளாக ஓடினேன். பிறகு ஜாகா. இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. சாப்பாட்டுக்குக் குறைவில்லை. ஆனால் ஜாகா வேலையில் 'முடித்துவிட்டேன்' என்று சொல்ல எதுவும் இல்லை. உட்காருகிறோம், எழுந்து போகிறோம். அவ்வளவுதான்.

நான் காவல் இருந்த கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டது. மேல் மாடியில் ஒருவர் இருந்தார். சிறுநீரகம் கெட்டு, ஆஸ்பத்திரிக்கு ரத்தம் கழுவப் போய்வருகிறவர். அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, நானும் அவருடைய மருமகனும் தூக்கிக்கொண்டு இறங்குவோம். திரும்பி வந்ததும் தூக்கிக்கொண்டு ஏறுவோம்.

"எறக்கி வைங்க தம்பி. செத்த மூச்சு வாங்கிக்குங்க" என்பார்.

"பேசாம உக்காருங்கண்ணே. விழுந்துடப் போறீங்க லா."

எங்களுக்குக் கனம் பெரிதில்லை. அவருக்கு வெட்கம்தான் பெரிது. பக்கத்து வீட்டுக்காரர்கள் படியில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

பல நாள் கழித்து ஒரு காலையில் லிஃப்ட் பழுதுபார்ப்பவர் வந்தார். தோளில் ஒரு பை. மேலே போனார், கீழே வந்தார், யாரோடும் பேசவில்லை. மத்தியானத்துக்குள் லிஃப்ட் ஓடியது. பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அன்று அந்த மேல் மாடிக்காரர் லிஃப்டில் தானே கீழே இறங்கி வந்து எனக்கு ஒரு தே தாரிக் டீ வாங்கிக் கொடுத்தார். தலை வாரி, பவுடர் போட்டிருந்தார்.

அப்போதே முடிவு செய்தேன். இந்த வேலைதான்.

வீட்டில் சொன்னேன். மனைவி டிபன் கேரியரைத் தேடி எடுத்தாள்.

"பள்ளிக்கூடம் போறீங்களா? போயிட்டு வாங்க. சாப்பாடு கட்டித் தாரேன். யாரு கூடயும் சண்டை போடாதீங்க."

கல்லூரியில் முதல் நாள் கட்டம் போட்ட சட்டையைப் பேண்டுக்குள் விட்டுக்கொண்டு வகுப்புக்குள் போனேன். எல்லாரும் எழுந்து நின்று மலாயில் காலை வணக்கம் சொன்னார்கள். நானும் நின்றேன். அவர்களும் நின்றார்கள். நான் நடந்துபோய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

லூமுட் பெண் திரும்பினாள். "அங்கிள், நீங்க லெச்சரர் இல்லையா?"

"இல்ல."

"பின்ன?"

"படிக்க வந்தேன்."

"இவ்ளோ நேரம் சும்மாவா நின்னோம்?" என்றான் பீடோர் பையன். "காலு வலிக்குது அங்கிள். காப்பி வாங்கித் தாங்க."

அன்றிலிருந்து மூவரும் ஒன்றாகத்தான் இருந்தோம். புத்தகம் முழுக்க மலாய். எனக்குப் படிக்க நேரமாகும். அந்தப் பெண் சத்தமாக வாசிப்பாள், நான் கேட்டுக்கொள்வேன்.

பையன் விடுதியில் தங்கியிருந்தான். தாமதமாக வந்தால் வார்டன் அப்பாவைக் கூப்பிடுவார். அவன் அப்பாவின் நம்பருக்குப் பதில் என் நம்பரைக் கொடுத்திருந்தான். என்னிடம் சொல்லவில்லை. ஒரு நாள் கேண்டீனில் உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது. உங்கள் மகன் நேற்று சுவர் ஏறிக் குதித்து வந்தான் என்றது குரல். எதிரே பையன் கையெடுத்துக் கும்பிட்டான். சரி, கண்டிக்கிறேன் என்றேன். போன் இன்னும் பேசிக்கொண்டிருக்கும்போதே வார்டன் காதில் போனை வைத்தபடி கேண்டீனுக்குள் வந்தார். என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இருவருமே காதிலிருந்து போனை எடுக்கவில்லை.

தண்டனையாக விடுதி முற்றத்தைப் பையனும் நானும் கூட்டினோம்.

"டேய், அப்பனுக்கும் சேத்து தண்டனை வாங்கிக் குடுத்த ஒரே மகன் நீதான்டா" என்றாள் அந்தப் பெண். குப்பையைத் தள்ளிவிட்டுச் சிரித்தாள்.

தேர்வு நாள் வெள்ளிக்கிழமை. அவள் கோயிலிலிருந்து சந்தனமும் குங்குமமும் கொண்டுவந்தாள். நம்மவர்கள் மோட்டார்சைக்கிள் வாங்கினாலும் லாரி வாங்கினாலும் பொட்டு வைக்காமல் ஓட்டமாட்டார்கள். பையன் எலுமிச்சம்பழமும் வைத்திருந்தான்.

"லிஃப்டுக்கு டயர் எங்கடா இருக்கு, பழத்த நசுக்க?" என்றாள் அந்தப் பெண்.

"அப்ப தண்ணி கலக்கி அங்கிளுக்குக் குடுத்துடலாம். அவருதான் முதல்ல உள்ள போறாரு."

பழத்தை விட்டுவிட்டுப் பொட்டு வைத்தான். கருவிப்பெட்டிக்கு வைத்தான். மின்பெட்டிக்கு வைத்தான். கதவின் இரண்டு ஓரத்திலும் வைத்தான். "ஒன்னையும் விடல அங்கிள்" என்றான். விரிவுரையாளர் அம்மா தூரத்திலிருந்து, "ஒயர்ல மட்டும் வைக்காதே" என்றார். எனக்குத் தெம்பாகத்தான் இருந்தது.

தேர்வாளர் ஒரு பழுதை உண்டாக்கிவிட்டு என்னை உள்ளே கூப்பிட்டார். கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும். மின்சாரத்தை நிறுத்தினேன். சுவிட்சுக்குப் பூட்டுப் போட்டேன். சாவியைப் பையில் போட்டுக்கொண்டேன். கீழிருந்து மேலே ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மேல் மாடிக் கதவுப் பூட்டில் ஒரு ஒயர் கழன்றிருந்தது. முடுக்கினேன். சுவிட்சுப் பூட்டைத் திறந்து மின்சாரம் கொடுத்தேன். லிஃப்ட் கீழே வந்தது. கதவு திறந்தது.

மூடவில்லை.

பாதி வந்தது, திரும்பப் போனது. மறுபடியும் பாதி. மறுபடியும் போனது.

தேர்வாளர் தன் தாளைப் பார்த்தார். பிறகு விரிவுரையாளர் அம்மாவைப் பார்த்தார். இது அவர் வைத்த பழுது இல்லை என்று அந்த முகத்திலேயே தெரிந்தது. ஆனால் நிறுத்தச் சொல்லவில்லை. நேரம் போய்க்கொண்டிருந்தது.

நான் கதவையே பார்த்தேன். அடுக்குமாடியில் பிள்ளைகள் விளையாட்டுக்குக் காலை நீட்டினால் கதவு இப்படித்தான் செய்யும். யாரோ நிற்கிறார்கள் என்று நினைத்துத் திறந்துகொள்ளும். இங்கே யாரும் நிற்கவில்லை. அப்படியென்றால் கதவின் கண்ணை எதுவோ மறைக்கிறது. குனிந்தேன்.

கதவோரத்தில் ஒளி வருகிற சின்ன ஓட்டை. அதன் மேல் சந்தனம், நடுவில் குங்குமம். வட்டமான நல்ல பொட்டு. காய்ந்திருந்தது.

தடுப்புக்கு வெளியே பையன் தலையில் கையை வைத்துக்கொண்டான். "தொடச்சிடுங்க அங்கிள், சீக்கிரம்!" என்று அவன் கத்தியது உள்ளே கேட்டது. விரலால் ஒரு தேய்ப்பு, போய்விடும். ஆனால் கதவு ஓடிக்கொண்டிருக்கிறது, கை அதன் வழியில் போகிறது. நான் திரும்பி நடந்தேன். மின்சாரத்தை நிறுத்தினேன். பூட்டினேன். சாவியைப் பையில் போட்டேன். திரும்பி வந்து ஈரத்துணியால் துடைத்தேன். எதிர்ப்பக்கமும் இருந்தது, அதையும் துடைத்தேன். மறுபடி போய் மின்சாரம் கொடுத்தேன்.

கதவு மூடியது. லிஃப்ட் மேலே போனது. கீழே வந்தது. திறந்தது. மூடியது.

தேர்வாளர் பக்கத்தில் வந்தார். மலாயில்தான் பேசினோம்; துவான் என்றால் ஐயா.

"இரண்டாவது பழுது என்ன?"

"சந்தனம், துவான்."

"யார் வைத்தது?"

"நாங்கள்தான். சாமி கும்பிட்டோம்."

கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கதவோரத்தைப் பார்த்தார். அறிக்கையில் காரணம் எழுத வேண்டும் என்றார். என்ன எழுதுவது என்று கேட்டேன்.

"உள்ளதை எழுது."

சந்தனம் என்று எழுதினேன்.

"அந்தச் சின்ன வேலைக்கு ஏன் மறுபடி மின்சாரத்தை நிறுத்தினாய்? நேரம் இல்லையே."

"கை உள்ளே போகிறது, துவான்."

அவர் கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டார். தாளில் ஏதோ எழுதினார்.

வெளியே வந்தேன். பையன் முகம் செத்துப்போயிருந்தது.

"அங்கிள், நான் உங்கள ஃபெயிலாக்கிட்டேனா?"

"தெரியாது. நீ உள்ள போறதுக்கு முன்ன கையக் கழுவு."

"ரெண்டு பக்கமும் என்னா அளவா வச்சிருக்கான் பாருங்க அங்கிள்" என்றாள் அந்தப் பெண். "பரீட்சையில இவ்ளோ ஒழுங்கா செஞ்சான்னா பாஸ்தான் லா."

மூவரும் தேறினோம். கம்பெனி சொன்னபடி என்னை எடுத்துக்கொண்டது. கொஞ்ச காலம் மூத்த ஊழியர் ஒருவரோடு ஓடினேன். பிறகு சாவியை என் கையில் கொடுத்து, நீயே பார் என்றார்கள். பார்க்கிறேன்.

பழுதுபார்த்து முடித்தபின் கதவருகே கொஞ்சம் நிற்பேன். யாராவது வருவார்கள். கையில் காய்கறிப் பை இருக்கும், கண் போனில் இருக்கும். பொத்தானை அழுத்திவிட்டுப் போய்விடுவார்கள். என்னைப் பார்ப்பதில்லை. லிஃப்டையும் பார்ப்பதில்லை. அப்படித்தான் இருக்க வேண்டும். என் வேலை முடிந்துவிட்டது என்று அதில்தான் தெரியும். நான் பையை எடுத்துக்கொண்டு அடுத்ததற்குப் போவேன்.

ஈப்போவிலும் சுற்றுவட்டாரத்திலும் இன்று என் பொறுப்பில் ஓடுகிற லிஃப்டுகள் இருபத்தேழு.