ஒரே வீடு, ரெண்டு குடித்தனம்

எம்பிராய்டரி அக்காவிடம் நான் முதன்முதலில் போனது அறுபது சட்டைகளோடு. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வாரம் அது. சட்டைப்பைக்கு மேல் கம்பெனிச் சின்னம் தைத்து நாலு மணிக்குள் வாங்கி வர வேண்டும். ஐந்துக்கு எங்கள் ஆட்கள் கண்காட்சிக்குக் கிளம்புகிறார்கள். நேரத்துக்குக் கொடுத்தால் வருஷம் முழுக்க எங்கள் சட்டைகள் அவருக்குத்தான் என்று மேனேஜர் சொல்லி அனுப்பியிருந்தார்.

மாடியறையில் ஆறு சட்டைகளை ஒரே நேரத்தில் தைக்கும் இயந்திரம். பக்கத்தில் ஒரு கணினி. அதைப் போட்டதும் எந்த இயங்குதளம் வேண்டும் என்று கறுப்புத் திரையில் இரண்டு வரிகள் வந்தன: பழைய விண்டோஸ், புதிய லினக்ஸ். தையல் இயந்திரம் பழையதன் பேச்சைத்தான் கேட்கும். அக்காவுக்கோ படம் வரையப் புதியதுதான் கைக்கு வாகு. அதில் வரைந்து, வன்தட்டில் பழையதற்கு ஒதுக்கிய பங்கில் சேமித்துவிட்டு, பழையதைத் திறந்து தைப்பார். பத்தாவது வரை படித்தவர்; வீடியோ பார்த்து அவரே செய்த ஏற்பாடு.

"ஒரே வீடு, ரெண்டு குடித்தனம்," என்றார்.

நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்த அக்காவின் மாமியார் நிமிர்ந்தார். "எங்களச் சொல்லல தம்பி, கம்ப்யூட்டரச் சொல்றா."

சின்னத்தை வரைந்து சேமிக்கப் போனால் கணினி மறுத்தது. பழையதன் பங்கைப் படிக்கலாம், எழுத முடியாது. மணி பன்னிரண்டு.

எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான், அதுவும் கணினியில். "நகருங்கக்கா, வலுக்கட்டாயமா எழுத வெச்சிடலாம். ஒரே ஒரு கட்டளைதான்."

அக்கா என் கையைத் தட்டிவிட்டார். "பதினோரு வருஷத்து டிசைன் உள்ள இருக்கு. எதுக்குக் கதவச் சாத்தியிருக்குன்னு தெரியாமயே ஒடைப்பீங்களா?" மாமியார் பக்கம் திரும்பினார். "அத்தை, காலையில இத அணைச்சது யாரு?"

"நான்தான். அணைக்கவா, தூங்க வைக்கவான்னு கேட்டுச்சு. பாவம், தூங்கட்டுமேன்னு விட்டேன். மெஷின்னா கண்ணசரக் கூடாதா?"

அக்கா சிரித்துவிட்டார். "நம்ம விண்டோஸ் பெரியவரு பாதி வேலையில படுத்திருக்காரு. அவரு தூங்கறப்ப நாம சாமானை எடம் மாத்தினா, எழுந்து தடுக்கி விழ மாட்டாரா?"

புதியதை மூடிப் பழையதை எழுப்பினார். காலையில் பாதி வரைந்த ஒரு பூ, விட்ட இடத்திலேயே நின்றது. அதைச் சேமித்தார். தூங்க வைக்காமல் முழுசாக அணைத்தார். மறுபடி புதியதற்கு வந்து சின்னத்தைச் சேமித்தார்; கணினி மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது.

மூணே முக்காலுக்குக் கடைசிச் சட்டையை மாமியார் மடித்துக் கொடுத்தார். "படிச்ச புள்ள, எண்ணிப் பாத்துக்கோ."

மூன்று வருஷமாக எங்கள் சட்டைகள் அங்கேதான் போகின்றன. அக்காவிடம் இப்போது இரண்டு தையல் இயந்திரங்கள். கணினி அதே ஒன்றுதான். தினமும் அதை அணைப்பவர் மாமியார். தூங்க வைக்கும் பொத்தானை மட்டும் அக்கா எடுத்துவிட்டார்.