என் தட்டுக்கு மட்டும் பிளான் இல்லை

டிஷ்யூ பேப்பரில் சுற்றிய பொரித்த கோழித்துண்டு ஒன்றை என் வீட்டுக்காரர் தன் பேண்ட் பாக்கெட்டிலிருந்து எடுத்து என் கையில் வைத்தார். பேப்பர் எண்ணெயில் ஊறிக் கறியோடு கறியாக ஒட்டியிருந்தது. கூடவே ஒரு கேக் துண்டு, உட்கார்ந்து எழுந்ததில் சப்பையாக நசுங்கி, அதன் கிரீம் அறைச் சாவியில் அப்பியிருந்தது. அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை. இப்போது இதை எழுதும்போதும் அந்த வாடை மூக்கில் நிற்கிறது. சீ, என்ன பிழைப்பு இது.

எங்களுக்கு ராஜபாளையம். அவர் பேண்டேஜ் துணி நெய்கிற கம்பெனியில் கணக்கர். நான் பிறந்தது ஸ்ரீவில்லிபுத்தூர், வேலை பார்ப்பதும் அங்கேயே, கோர்ட்டில் டைப்பிஸ்டாக. மகள் இன்ஜினியரிங் படிக்கிறாள். மகன் இந்த வருஷம் பிளஸ் டூ முடித்தான். முடித்த கையோடு தீம் பார்க் போகவேண்டும், அதுவும் அங்கேயே ரிசார்ட்டில் தங்கவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான். மலைக்கு அந்தப் பக்கம், செங்கோட்டை வழியாகக் கேரளாவுக்குள் போனால் அப்படி ஒன்று இருக்கிறது.

எனக்கு ராட்டினமும் வேண்டாம், தண்ணீர்ச் சறுக்கலும் வேண்டாம். நான் கேட்டது ஒன்றே ஒன்று. இரண்டு நாளும் நான் அடுப்புப் பக்கம் போகமாட்டேன். யாரோ சமைத்ததைச் சூடாக, உங்கள் மூன்று பேரோடும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவேன். அதற்குச் சம்மதம் என்றால் லீவு போடுகிறேன் என்றேன். அவரும் சரி என்று தலையை ஆட்டினார். நானும் நம்பி லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று பேரும் சாப்பாட்டு மேசையில் இருந்தார்கள். நான் மீன் குழம்புக் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தேன். மகன் போனில் ரிசார்ட் பக்கத்தைத் திறந்து வாசித்தான். சாப்பாட்டுக்கு முன்பணம் கட்டுகிற பிளான் ஒன்று இருந்தது. முதல் நாள் மத்தியானம் தொடங்கி மறுநாள் மத்தியானம் வரை நான்கு வேளை பஃபே, தலைக்கு இரண்டாயிரத்து நானூறு. பிளான் இல்லாமல் போய் உட்கார்ந்தால் வேளைக்கு எண்ணூறு. கட்டிய பணம் எக்காரணம் கொண்டும் திரும்ப வராது.

என் வீட்டுக்காரருக்கு இந்த மாதிரி ஒன்று கிடைத்தால் போதும், சோறு தண்ணீர் வேண்டாம். இடது கையால் காலண்டர் தாளைக் கிழித்துப் போட்டுக் கணக்குப் பார்க்க ஆரம்பித்தார். மூன்று வேளை சாப்பிட்டால் போட்ட காசு வந்துவிடும், நாலாவது வேளை சும்மா வருகிறது. மகன் வளர்கிற பிள்ளை, அவனுக்கு இரட்டை லாபம். மகளுக்கு ஐஸ்கிரீமிலேயே காசு கழிந்துவிடும். அவரைப் பற்றி அவரே சொல்லவேண்டியதில்லை. மூன்று பேருக்கும் எழுதி முடித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“உனக்கு வேண்டாம்ட்டி. நீ திங்கிறதே ரெண்டு வாய். உனக்கும் போட்டா அம்புட்டும் நட்டம்.”

“அப்ப நான் எங்க சாப்பிடுறது?”

“எங்க தட்டுல எடுத்துக்கோ. பஃபேதான, எவன் பாக்கப்போறான்?”

பிள்ளைகள் இரண்டும் ஆமாம் போட்டன. அம்மா கொஞ்சம்தானே சாப்பிடுவாள் என்று மகள் எனக்குப் பரிந்து பேசுவதுபோலவே சொன்னாள். அவளுக்கு நான் அப்போது இரண்டாம் முறை மீன் வைத்துக்கொண்டிருந்தேன்.

ரெண்டு வாயாம். இந்த மனுஷர் நான் சாப்பிட்டு என்றைக்குப் பார்த்தார்? கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் ஆம்பிளைகள் சாப்பிட்டு, பிள்ளைகள் சாப்பிட்டு, எல்லோரும் கைகழுவி டிவிக்கு முன்னால் போய் விழுந்த பொறவுதான் எனக்குத் தட்டு. மாமியார் பழக்கியது, அவர் போய்ச் சேர்ந்த பிறகும் பழக்கம் போகவில்லை. யாராவது விருந்தாளி வந்து, நீயும் உட்காரம்மா என்று வற்புறுத்தினால், பரிமாற எழுந்திருக்க வேண்டுமே என்று ஒரு கரண்டிச் சோற்றைப் பிசைந்துகொண்டு ஒப்புக்கு உட்கார்ந்திருப்பேன். அவர் பார்த்ததெல்லாம் அந்த ஒரு கரண்டிதான். மற்றபடி நான் அடுப்படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, குழம்புக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை என்று நிதானமாகச் சாப்பிடுகிறவள். வஞ்சனையில்லாமல் சாப்பிடுவேன். காலையில் கம்பெனி வண்டி வந்து அவர் கிளம்பிப் போன பிறகுதான் எனக்கு மூன்றடுக்குக் கேரியர் கட்டுவேன். அதையும் அவர் கண்டதில்லை.

அங்கேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எப்படிச் சொல்வது? நான் நிறையச் சாப்பிடுகிறவள், எனக்கும் காசு கட்டுங்கள் என்று வளர்ந்த பிள்ளைகள் முன்னால் நின்று கேட்க நாக்கு எழவில்லை. கரண்டியைச் சட்டியில் போட்டுவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டேன். மறுநாள் ஆபீஸில் பக்கத்து மேசைக்காரியிடம் சொன்னேன். அவள் தினமும் என் கேரியரைப் பார்க்கிறவள். சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறிவிட்டது. ஒருநாள் உன் வீட்டு அவியளை இங்கே கூட்டிவா, பீரோவுக்குப் பின்னால் நிறுத்திவைத்து நீ சாப்பிடுவதைக் காட்டுவோம் என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போகிற அன்றைக்கும் அடுப்பு என்னை விடவில்லை. வழியில் தின்ன எலுமிச்சஞ்சோறு கட்டச் சொன்னார். மிச்சமிருந்தால் உனக்கு ஆகும் என்றும் சேர்த்துச் சொன்னார். விடியுமுன் எழுந்து கிளறினேன். எல்லையில் புளியரை தாண்டுவதற்குள் தூக்குச்சட்டியில் முக்கால்வாசியைக் காலி செய்துவிட்டார்கள். மீதி இருந்ததை பார்க் வாசலில் செக்யூரிட்டி உள்ளே விடவில்லை. வெளிச் சாப்பாடு கூடாதாம், காரிலேயே வைத்துவிட்டு வரச் சொன்னான்.

உள்ளே வரவேற்பில் மூன்று பேர் கையிலும் ஆரஞ்சுப் பட்டை கட்டினார்கள். எனக்கு வெள்ளை. அதன் அர்த்தம் மத்தியானம் சாப்பாட்டுக் கூடத்து வாசலில்தான் புரிந்தது. அங்கே நின்ற பையன் ஒவ்வொரு பட்டையாக ஸ்கேன் செய்து உள்ளே விட்டான். என் முறை வந்ததும் மெஷின் வேறு மாதிரி கத்தியது. மேடத்துக்கு பிளான் இல்லை, உள்ளே வருவதென்றால் எண்ணூறு கட்டவேண்டும், அடுத்தவர் தட்டிலிருந்து சாப்பிடவும் அனுமதி இல்லை என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். எனக்குப் பின்னால் நின்ற குடும்பம் முழுவதும் என்னைப் பார்த்தது. என் வீட்டுக்காரர் பையனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உள்ளே ஆவி பறக்கிற பாத்திரங்களைப் பார்த்தார்.

“நீ செத்த நேரம் வெளிய உக்காரு. நாங்க தின்னுட்டு வந்துருதோம்” என்றார். தண்ணீர்ச் சறுக்கலில் நனைந்த ஈரத்துணிப் பையையும் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு பெஞ்ச் கிடந்தது. அதில் உட்கார்ந்து நான் பார்த்த கண்றாவியை எந்தப் பெண்சாதியும் பார்க்கக்கூடாது. தட்டில் பிரியாணி, அதன் மேல் வறுத்த மீன், மீன் மேல் நூடுல்ஸ், எல்லாவற்றுக்கும் மேலே குலோப் ஜாமூன் உட்கார்ந்து, அதன் பாகு கறிக்குழம்புக்குள் வழிந்துகொண்டிருந்தது. பிரியாணியில் கறியை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டுச் சோற்றை ஒதுக்கினார். சோறு நம் வீட்டில் இருக்கிறதாம், அதைத் தின்று வயிற்றை அடைத்தால் காசு வராதாம். இதைப் பிள்ளைகளுக்குப் பாடமாகவே நடத்தினார் என்று மகள் பிறகு சொன்னாள். பெல்ட்டில் ஒரு துளை தளர்த்தினார். மூச்சு வாங்கினார். திரும்பவும் எழுந்து போனார். மகன் ஐந்தாறு கிண்ணத்தில் இனிப்பை எடுத்துவந்து ஒவ்வொன்றிலும் ஒரு வாய் தின்றுவிட்டுத் தள்ளினான். பசியில் எனக்குக் காது அடைத்தது. ஆனாலும் அந்த மேசையைப் பார்க்கப் பார்க்கச் சாப்பாட்டின் மேலேயே ஒரு வெறுப்பு வந்தது.

வெளியே வந்ததும்தான் அந்தப் பாக்கெட் கோழி. “எவனும் பாக்கல, தின்னு” என்றார். நான் அதை அப்படியே குப்பைத்தொட்டியில் போட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. கொழுப்பெடுத்துப் போச்சு, காரில் எலுமிச்சஞ்சோறு இருக்கிறதல்லவா, போய் அதைத் தின்னு என்றார். போனேன். வெயிலில் நின்ற காரைத் திறந்ததும் புளித்த வாடை முகத்தில் அடித்தது. தூக்குமூடியைத் திறந்தால் சோறு நூல் விட்டிருந்தது. அதையும் கொட்டினேன். விடியுமுன் எழுந்து நான் கிளறிய சோறு.

சாயங்காலம் சுழல்கிற ராட்டினத்தில் ஏறிய மகன் இறங்கியதும் இறங்காததுமாக வாந்தி எடுத்தான். நாலா பக்கமும் தெறித்தது. பிள்ளைக்கு என்ன ஆனதோ என்று நான் தலையைப் பிடித்துக்கொண்டிருக்க, ஒரு வேளைக் காசு வீணாகிவிட்டதே என்று அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார். வாந்தி நாறியதைவிட அந்தப் பேச்சு நாறியது. இவரோடா இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினோம் என்று எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

ராத்திரி எனக்கு ஒரு சாண்ட்விச்சும் டீயும். மறுநாள் காலையில் காரில் கிடந்த பிஸ்கட். மற்ற மூவரும் இரண்டு வேளையும் உள்ளே போய்விட்டு, வயிற்றைத் தடவிக்கொண்டு ஓமத் தண்ணீர் கேட்டு என்னிடம் வந்தார்கள்.

மறுநாள் மத்தியானம் கடைசி வேளை. வழக்கம்போல ஈரத்துணிப் பையை என்னிடம் நீட்டிவிட்டு உள்ளே போனார்கள். நான் பையைப் பெஞ்சில் வைத்தேன். எண்ணூறு ரூபாய்க்கு ஒரு தரம் யோசித்தேன் என்பது உண்மை. பிறகு வாசல் பையனிடம் போய் என் சம்பளக் கார்டை நீட்டினேன். அவன் தேய்த்துவிட்டு, வாங்க மேடம் என்று கதவைத் திறந்துவிட்டான்.

ஜன்னலோரமாகத் தனி மேசை ஒன்று கிடைத்தது. வெறும் வெள்ளைச் சோறு, சாம்பார், அவரைக்காய்ப் பொரியல், ஒரு துண்டு வறுத்த மீன் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். யாருக்கும் எழுந்து பரிமாற வேண்டியதில்லை. அடுப்பில் எதுவும் இல்லை. சோறு சூடாக இருந்தது. பிசைந்து முதல் வாய் வைத்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வெட்கமாகப் போய்விட்டது. சாம்பாருக்கு அடுத்து மீன் குழம்புக்கு ஒரு முறை சோறு வாங்கி வந்தேன். ரசத்துக்கு வாங்கப் போகும்போதுதான் கவனித்தேன், என் வீட்டுக்காரர் கையில் போனோடு எழுந்து நின்று கூடம் முழுவதும் தேடிக்கொண்டிருந்தார். என் பேங்க் கணக்குக்கு அவர் நம்பரைத்தான் கொடுத்திருக்கிறது. எண்ணூறு ரூபாய் போனது அவருக்கு மெசேஜாக வந்திருக்கிறது.

நான் ரசச் சோற்றோடு திரும்பி வந்தபோது என் மேசைக்குப் பக்கத்தில் நின்றார். சாண்ட்விச், டீ, இப்போது இந்த எண்ணூறு என்று அடுக்கிக்கொண்டே போனார். சொல்லியிருந்தால் முதலிலேயே போட்டிருப்போமே, கூட ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு நாலு வேளையும் மேசையில் உட்கார்ந்திருப்பாயே என்றார். என் பசி கடைசியில் இப்படித்தான் அவர் கணக்குக்குள் வந்தது. நான் உட்கார்ந்து ரசச் சோற்றைச் சாப்பிட ஆரம்பித்தேன். பேச்சு மெல்ல மெல்ல நின்றது. தட்டின் ஓரத்தில் நான் ஒதுக்கியிருந்த மீன் முள்ளையும், கையிலிருந்த ரசச் சோற்றையும், மோருக்கென்று தனியாக எடுத்து வைத்திருந்த சோற்றையும் பார்த்தார்.

“நீ இம்புட்டு சாப்பிடுவியா?”

“தெனமும்” என்றேன்.

அவர் நாற்காலியை இழுத்து எதிரில் உட்கார்ந்தார். கை தன்னால் நீண்டு என் தட்டிலிருந்த அப்பளத்துக்கு வந்தது. நான் தட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

“உங்க தட்டுல எடுத்துக்கோங்க” என்றேன்.

கையை எடுத்துக்கொண்டார். போகவில்லை, அங்கேயே உட்கார்ந்து நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மோருக்குச் சோற்றைப் பிசைந்தேன். ஊறுகாய் எடுக்க மறந்துவிட்டது நினைவு வந்து எழப்போனேன். அவர் முந்திக்கொண்டு எழுந்தார். ஊறுகாய் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை, பக்கத்தில் போன ஆளிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.