வெள்ளைக்கு அடியில் ஒரு கோடு

கட்டைவிரலுக்கு அடியில் நகத்தளவு கல் சில்லு. அதை வாளின் மேல் முன்னும் பின்னும் தேய்த்தபடியே மெருகுக்காரர் தொவாக்கோ வலது கண்ணை மூடிப் பார்க்கிறார், பிறகு இடதை மூடிப் பார்க்கிறார். கண்புரை அறுவை முடிந்ததிலிருந்து இதே பழக்கம். பக்கத்து வீட்டில் வாளுறை செய்யும் எனக்கு ஜன்னல் வழியாகப் பார்க்கச் சிரிப்பு வரும். "என்னக்கா, வாளுக்குக் கண்ணடிக்கிறீங்களா?" என்றால் பதில் வராது. மடியில் வாள் இருக்கும்வரை அவர் வாய் திறப்பதில்லை. எச்சில் தெறித்தால் துருப்பிடித்துவிடும். ஜப்பானில் வாளுக்குப் பேர்போன எங்கள் ஒசாஃபுனே ஊரில் அவரோடு வம்பளக்க வேண்டுமென்றால் வாளைக் கீழே வைக்கும்வரை காத்திருக்க வேண்டும்.

வைத்துவிட்டால் பேச்சை நிறுத்தமாட்டார். விரல் ரேகை தேய்ந்துபோனதால் கைபேசி அவரை அடையாளம் காண மறுக்கிறது. "முப்பத்தஞ்சு வருஷமா கல்லுக்கே குடுத்தாச்சு, இதுக்கு எதைக் குடுக்கிறது?" என்று அதைத் திட்டுவார். கல் கரைத்த தண்ணீரையும் பார்லித் தேநீரையும் ஒரே மாதிரிக் கிண்ணத்தில் வைத்துக்கொண்டு, வருடத்துக்கு இரண்டு முறையாவது மாற்றிக் குடித்துவிடுவார்.

சென்ற மாதம் கொல்லர் இவாமுரோ புது உறைக்கு அளவெடுக்க என்னிடம் வந்தார். வசந்தத்தில் தொவாக்கோ மெருகேற்றிக் கொடுத்த வாள். பன்னிரண்டு நாளில் கொல்லர்களின் வாள் போட்டிக்குப் போக வேண்டும். நான்கு வருடமாகத் தோற்றுக்கொண்டிருப்பவர் இவாமுரோ. கண் எப்படி இருக்கிறது என்று விசாரிக்க இருவரும் அக்கா வீட்டுக்குப் போனோம். அவர் வாளை வாங்கி விளக்கடியில் சாய்த்தார். முகம் சுருங்கிவிட்டது.

"இது கோடு இல்லப்பா. நான் பூசின மேகம்."

கொல்லர் வாளில் களிமண் பூசி நெருப்பிலும் நீரிலும் பதம் ஏற்றும்போது, கூர் விளிம்பை ஒட்டி இரும்புக்குள் ஒரு கோடு விழும். அதைக் கண்ணுக்குக் காட்டத்தான் மெருகுக்காரர் விளிம்பை வெள்ளையாகத் தேய்ப்பது. அளவு மீறினால் அந்த வெள்ளையே மேகம்போலக் கோட்டை மூடிவிடும்.

"வெள்ளை வெளேர்னு நல்லாத்தானே இருக்கு?" என்றார் இவாமுரோ.

"அதான் கோளாறு. கண்ணு மங்கிக் கிடந்தப்ப, எனக்குத் தெரியணும்னு தேய்ச்சுத் தள்ளியிருக்கேன். உன் வேலை அடியில கிடக்குது. விட்டுட்டுப் போ."

"பன்னெண்டே நாளுக்கா! கைய வச்சுச் சொதப்பிட்டீங்கன்னா?"

"உனக்கு இந்த வருஷமும் போச்சு. நானும் கல்லைக் கழுவிக் கவுத்துட்டுத் தொழிலை விட்டுடுறேன். ஆனா இப்படியே அனுப்பினா, அங்க நிக்கிறது என் மேகம்தான், உன் வாள் இல்ல."

இவாமுரோ என்னைப் பார்த்தார். நான் கோழை, கூரையைப் பார்த்தேன். அவர் வாளை வைத்துவிட்டு, சொல்லிக்கொள்ளாமலே வெளியேறினார்.

பத்தாம் நாள் அக்கா எங்கள் இருவரையும் கூப்பிட்டார். அறையில் ஒற்றை பல்பு. இவாமுரோ வாளை மெல்லச் சாய்த்தார். வெள்ளை மெலிந்து, அதற்குள் கோடு கைப்பிடிப் பக்கத்திலிருந்து நுனிவரை ஓடியது. அதிலிருந்து விளிம்பை நோக்கிப் பொடிப்பொடியாகக் கிளைகள், நடுநடுவே விடிகாலை வயலின் உறைபனி போலத் துகள்கள்.

"இது... களிமண் பூசுறப்ப நான் இழுத்த கீத்து. ஒண்ணு விடாம இருக்கே," என்று வாளைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு முணுமுணுத்தார் இவாமுரோ. "நானே இதைப் பார்த்ததில்லக்கா."

"வாயை மூடிட்டுப் பாரு. எச்சில் தெறிக்குது."

இவாமுரோ சிரித்துக்கொண்டே அடிப்பக்கத்துச் செப்புப் பூணைக் கழற்றினார். பூண் மறைக்கும் அந்த இடத்தில் மெருகுக்காரர்கள் எஃகு ஊசியால் சில மெல்லிய கோடுகள் இழுப்பார்கள். இது என் கைவேலை என்பதற்கு அதுதான் அடையாளம். அங்கே ஒன்றுமில்லை.

"உங்க கோடு எங்கக்கா?"

"கண்ணு மங்கின இந்த மூணு வருஷமா எதுலயும் போடல. பூணைக் கழட்டி யாரு பார்த்தீங்க?"

அத்தனை வாளுக்கும் உறை செய்தவன் நான். தலை நிமிர முடியவில்லை. தொவாக்கோ இவாமுரோவிடமிருந்து வாளை வாங்கி மடியில் கிடத்தினார். ஊசியைத் துணியில் துடைத்து, மூச்சை அடக்கி, முதல் கோட்டை இழுத்தார்.