முப்பத்து நாலு பல்

எங்கள் வீட்டுக் கராஜில் நிற்கும் சைக்கிளுக்குப் பின்சில்லு இல்லை. சில்லு இருக்கவேண்டிய இடத்தில் கனமான ஒரு இயந்திரம் பூட்டியிருக்கிறது. ஏறி மிதித்தால், மலை ஏறும்போது இருப்பதுபோல அது காலை எதிர்த்துப் பிடிக்கும். என் கணவருக்குத் தசைகள் செயலிழந்துகொண்டே போகும் வருத்தம் என்று தெரியவந்த மாதத்தில் அதை வாங்கினோம். வைத்தியர் எதையும் ஒளிக்கவில்லை. இதை மாற்ற மருந்தில்லை, வீதியில் ஓடினால் விழுந்துவிடுவார், வீட்டுக்குள் இலேசாக மிதிக்கலாம், ஆனால் களைக்கும்வரை மிதிக்கவே கூடாது என்றார்.

அதனால் கியரைப் பார்த்து வாங்கவேண்டியிருந்தது. மெரிலேண்ட்ஸ் பக்கம் ஒரு சைக்கிள் கடைக்குப் போனோம். கடைக்காரர் பொறுமையான மனிதர். முன்னால் சின்னப் பல்சக்கரமும் பின்னால் பெரியதும் இருந்தால் கால் இலேசாகச் சுற்றும், மாறி இருந்தால் தம் பிடித்துத் தள்ளவேண்டும் என்று விளங்கப்படுத்தினார். வீட்டுக்குள் இறக்கமா வரப்போகிறது, உங்களுக்கு வேகமான கியர் தேவையே இல்லை என்று சொல்லி, இலேசான சோடியை எடுத்து மேசையில் வைத்தார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

அந்த நேரம் பார்த்து, பேரப்பிள்ளையின் சைக்கிளை உருட்டிக்கொண்டு ஒருவர் உள்ளே வந்தார். எங்கள் மகளுக்குப் பேசிக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் பெரியப்பா.

கணவரின் வருத்தத்தை நாங்கள் அப்போது யாருக்கும் சொல்லியிருக்கவில்லை. எங்கள் ஆட்களிடம் ஒரு வருத்தத்தைச் சொன்னால், சுகம் விசாரித்த கையோடு பரம்பரையில் யாருக்கும் இருந்ததா என்றும் கேட்பார்கள். கலியாணப் பேச்சு நடக்கிற வீட்டில் அந்தக் கேள்வி வந்தால் போதும், பேச்சு அத்தோடு நின்றுவிடும். “ஜஸ்ட் டெல் தெம், அம்மா” என்று மகள் எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தாள். நாங்கள்தான் கேட்கவில்லை.

“என்ன, இந்த வயசிலை சைக்கிள் ஓட்டமோ?” என்றார் பெரியப்பா.

“ஓம் அண்ணை. கோடைக்கு புளூ மவுண்டன்ஸ் ஏறுற யோசினை. அதுக்குக் காலை இறுக்கோணும்.” என் கணவருக்கு அவ்வளவு சரளமாகப் பொய் வரும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

“அப்ப உந்தச் சின்னப் பல்லை வைச்சு என்ன செய்யப்போறியள்?”

கணவர் சிரித்தார். மேசையில் இருந்ததைத் தள்ளிவைத்துவிட்டு, பந்தயக்காரர் வாங்கும் கியரைக் கேட்டார். கடைக்காரர் என்னைப் பார்த்தார். நானும் மாப்பிள்ளை வீட்டாருக்குச் சிரிக்கிற சிரிப்பைச் சிரித்துக்கொண்டு நின்றேன். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். நாங்கள் பல்சக்கரத்தால் மூடப் பார்த்தோம்.

கிரவீனில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து பூட்டிய நாளிலிருந்து சண்டைதான். மாற்றுங்கோ என்றேன். “திருப்பிக் குடுக்கேக்கை மாப்பிள்ளையின்ரை பெரியப்பா கண்டால் என்ன சொல்லுறது?” என்றார். பிறகு பிறகு தன்னுடைய பொய்யைத் தானே நம்பத் தொடங்கிவிட்டார். செக்கு மாடுபோலத் தலையைக் குனிந்துகொண்டு மிதிப்பார். இறங்கி வந்து, “கால் இறுகுது, தொட்டுப் பாரும்” என்பார். தொட்டால், தோலுக்குக் கீழே தசை தன்பாட்டில் துடித்துக்கொண்டிருக்கும். அந்தத் துடிப்பு நல்லதில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

கோடை முடிய முன்னம் ஒருநாள் பெடல் பாதியில் நின்றுவிட்டது. அவரால் அதற்குமேல் தள்ளவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. நான் சோற்றை அடுப்பில் விட்டுவிட்டு ஓடிப்போய், ஒவ்வொரு காலாகத் தூக்கி இறக்கினேன். அடுத்த நாளே வேறொரு கடையில் வேறு கியர் வாங்கினேன். முன்னால் முப்பத்து நாலு பல், பின்னால் மிகப் பெரியதிலும் முப்பத்து நாலு பல். பந்தயக் கியரைவிட அது எவ்வளவோ இலேசு, அவருடைய கால் அதைத் தாங்கும் என்று நினைத்தேன்.

மகளின் கலியாணம் நடந்தது. தாரை வார்க்கும்போது அவருடைய கை நடுங்கியதை, பெண்ணைப் பெற்றவரின் மனக்கலக்கம் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். ஒருவருக்கும் தெரியாது என்றுதான் நான் நம்பிக்கொண்டிருந்தேன். சாப்பாட்டு நேரம் அந்தப் பெரியப்பா எனக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

“தங்கச்சி, அண்டைக்குக் கடை வாசல்லை நான் காரை நிப்பாட்டேக்கை அவர் படி ஏறினதைக் கண்டனான். என்ரை மச்சானுக்கும் உப்பிடித்தான் துடங்கினது. அண்டைக்கே வீட்டிலை சொல்லிப்போட்டன். ஒருத்தரும் கலியாணம் வேண்டாமெண்டு சொல்லேல்லை. நீங்களாச் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தம்.”

நான் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தேன். “தெரிஞ்சுகொண்டு ஏன் அண்ணை சின்னப் பல்லு வேண்டாமெண்ட மாதிரிக் கதைச்சனீங்கள்?”

“அவர் மலையெண்டு சொன்னார். கடைக்காரனுக்கு முன்னாலை அவரை நான் பொய்யனாக்கேலுமே?”

அவர் மரியாதைக்குச் செய்தது. நாங்களும் மரியாதைக்குத்தான் செய்தோம். அந்த மிதிப்பால்தான் வருத்தம் விரைவாகக் கூடியதா என்று வைத்தியரைக் கேட்டேன். அதைச் சொல்ல முடியாது என்றார். அவரால் முடியாமல் இருக்கலாம். அந்தக் கோடைதான் அவருடைய கால்களைத் தின்றது என்று நான் நினைக்கிறேன். அந்தப் பெரியப்பா நல்ல மனிதர். ஆனாலும் அவரைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

இந்தக் குளிர்காலத்தில் முப்பத்து நாலும் பாரமாகிவிட்டது. இப்போது மருமகன் வந்து தூக்கி இருத்தினால்தான் அவர் சைக்கிளில் ஏறலாம். போன ஞாயிற்றுக்கிழமை மருமகன் அவரை இருத்தி, முதுகைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். பெடல் அசையவில்லை.

“இஞ்சாரும், செயினைக் கழட்டிவிடும்” என்றார் கணவர்.

கழற்றினேன். இனி இயந்திரத்துக்கும் காலுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. பெடல் வெறுமனே ஆடும். அவருடைய பாதம் நழுவாமல் இருக்க நான் கீழே குந்தியிருந்து, பாதத்தையும் பெடலையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். கால் சுற்றத் தொடங்கியது. கொஞ்ச நேரத்திலேயே, சுற்றுவது என்னுடைய கை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவருக்கும் தெரிந்திருக்கவேண்டும்.

“இப்ப நல்லா ஓடுது” என்றார்.

“ஓம்” என்றேன். கையை எடுக்கவில்லை.